30 ரூபாய்க்குப் புதுப்படம்! திருட்டு சி.டி. செழித்த கதையும் செத்த கதையும்

வெள்ளிக்கிழமை காலையில் தியேட்டரில் படம் ரிலீஸ் ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் அதே படம் சென்னை கடற்கரை ரெயில் நிலையம் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் கிடைக்கும். விலை 30 ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு 25.

2000-ம் ஆண்டை ஒட்டித் தொடங்கி பத்துப் பன்னிரண்டு வருஷம் நகரில் நடந்த கூத்து இது. ஆபீஸ் விட்டு எலெக்ட்ரிக் ரெயிலைப் பிடிக்க ஓடும் குமாஸ்தாகூட ஒரு நிமிஷம் நின்று, "புதுசா என்னப்பா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். டிபன் பாக்ஸ் பைக்குள் படமும் ஏறிக்கொள்ளும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ அது ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வியாபாரம் இன்று படுத்துவிட்டது. படம் விற்ற பலகையில் செல்போன் கவரும் சார்ஜரும் தொங்குகின்றன.

போலீசார் பிடித்துப் பிடித்து ஒழித்தார்களா? அதுதான் இல்லை. பிடித்தார்கள், ஜெயிலில் போட்டார்கள், குண்டர் சட்டமே கொண்டு வந்தார்கள். அப்போதெல்லாம் ஒழியாத வியாபாரம், 30 ரூபாய் சரக்கு சும்மாவே கிடைக்க ஆரம்பித்ததும் தானாகச் செத்தது.

இந்தக் கணக்கில் காசு பார்த்தது யார், தலையில் துண்டு விழுந்தது யாருக்கு? விவரம் வருமாறு:-

பர்மாவில் இருந்து வந்தவர்கள்

சி.டி. என்றால் ஜனங்கள் வாயில் முதலில் வந்த பெயர் பர்மா பஜார்தான். பாரிமுனையில் இருந்து ராஜாஜி சாலை ஓரமாக நீளும் கடை வரிசை இது.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த தமிழர்கள் சொத்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சென்னைக்கு வந்து சேர்ந்தவர்கள் பிழைக்க வேண்டுமே என்று 1969-ல் இந்த இடத்தில் கடை போட வழி செய்து கொடுத்தது அரசு.

பாரின் சென்ட், பாரின் வாட்ச், ஜப்பான் டேப் ரெக்கார்டர். இதற்காகத்தான் கூட்டம் வந்தது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு எல்லாக் கடையிலும் பில் போட்டே கிடைத்தது. பஜாருக்கு மவுசு குறைந்தது. அந்த நேரம் பார்த்து வந்ததுதான் சி.டி.

எல்லாக் கடைக்காரர்களும் இந்த வியாபாரம் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திருட்டு சி.டி. நகரில் எங்கேதான் இல்லை? ரிச்சி தெருவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்தது. மளிகைக் கடையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில்கூட இருந்தது. ஆனால் பெயர் கெட்டது பர்மா பஜாருக்கு.

தெருவே கூடிப் பார்த்த "டெக்"

சி.டி.க்கு முன்னால் கேசட் காலம் ஒன்று இருந்தது. 1980-களில் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது வீடியோ டெக் கொண்டு வந்தார்கள். டெக்கும் கலர் டி.வி.யும் சேர்த்து வாடகைக்கு விடும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. நாலு வீட்டுக்காரர்கள் காசு போட்டால் ஒரு ராத்திரிக்கு மூன்று படம். விடிய விடியப் பாயை விரித்துப் பார்த்தார்கள். வெளியூர் பஸ்களில் "வீடியோ கோச்" என்று பெரிதாக எழுதிப் போட்டார்கள். டிக்கெட்டோடு படமும் உண்டு.

பாட்டுக்கும் இதே கதைதான். ரெக்கார்டிங் சென்டருக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு நாளில் 60 நிமிஷக் கேசட்டில் பதிந்து தருவார்கள். அதைத் திருட்டு என்று ஒருவரும் நினைக்கவில்லை. கொடுத்தவரும் நினைக்கவில்லை, வாங்கியவரும் நினைக்கவில்லை.

சட்டம் விழித்துக்கொண்டது 1984-ல். காப்புரிமைச் சட்டத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டெக் வைத்துப் படம் காட்டுவதை முறைப்படுத்த அதே வருஷம் தமிழக அரசும் தனிச் சட்டம் போட்டது.

ஆனாலும் கேசட்டுக்கு ஒரு பலவீனம் இருந்தது. அதுதான் சினிமாக்காரர்களை ஓரளவு காப்பாற்றியது. கேசட்டில் இருந்து கேசட் எடுத்தால் படம் மங்கும். அதில் இருந்து இன்னொன்று எடுத்தால் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். நாலாவது காப்பியில் கதாநாயகன் யார், வில்லன் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சி.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. முதல் காப்பி எப்படியோ ஆயிரமாவது காப்பியும் அப்படியே. சினிமாத் தொழிலுக்குச் சனி பிடித்தது அங்கேதான்.

30 ரூபாயில் யாருக்கு எவ்வளவு?

ஒரு சி.டி.யில் ஏறக்குறைய 75 நிமிஷப் படம்தான் அடங்கும். தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம். ஆகவே இரண்டு சி.டி. தியேட்டரில் முறுக்கு வாங்க எழுந்திருப்பது போல, வீட்டில் இடைவேளைக்கு சி.டி. மாற்ற எழுந்திருக்க வேண்டும்!

இதைத் தயாரிக்கத் தொழிற்சாலை தேவை இல்லை. ஒரு சின்ன அறை, கம்ப்யூட்டர், ஒரே நேரத்தில் ஏழெட்டு சி.டி. பதியும் பெட்டி, அவ்வளவுதான். அறை ஒரு தெருவில் இருக்கும், கடை வேறு தெருவில் இருக்கும். கடையில் வெறும் அட்டைதான் வைத்திருப்பார்கள். கேட்டால் பையன் ஓடிப்போய் எங்கிருந்தோ எடுத்து வருவான்.

உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். வெற்று சி.டி. மொத்த விலையில் ஐந்தாறு ரூபாய். இரண்டுக்கு 12. அட்டை, உறை, கரண்டு எல்லாம் சேர்த்து மேலும் 3 ரூபாய். அடக்கம் 15. மொத்த வியாபாரி 20-க்குத் தள்ளுவார். பிளாட்பாரத்தில் 30.

வெற்று சி.டி. விற்ற கம்பெனிக்குக் காசு. அட்டை அச்சடித்தவருக்குக் காசு. ஓடிப்போய் எடுத்து வந்த பையனுக்கு டீ, வடை. கண்டும் காணாமல் போகிறவர்களுக்கும் பங்கு உண்டு என்று பஜாரில் பேச்சு உண்டு. படம் எடுத்தவருக்கு மட்டும் ஒரு பைசா இல்லை.

சரக்கிலும் தரம் உண்டு. தியேட்டரில் உட்கார்ந்து எடுத்தது "கேமரா பிரிண்ட்". முன் சீட்டுக்காரர் எழுந்து பாத்ரூம் போவதும் அதில் சேர்ந்தே வரும். அடுத்த தரம் "ஒரிஜினல் பிரிண்ட்". வெளிநாட்டு வீடியோ உரிமைக்குப் போன நல்ல காப்பியில் இருந்து எடுத்தது. அது வர நாளாகும். அவசரக்காரர்கள் முதலாவதை வாங்கினார்கள். பொறுமைசாலிகள், "நல்ல பிரிண்ட் வரட்டும்பா" என்று காத்திருந்தார்கள். திருட்டுப் பொருளிலும் ஜனங்கள் தரம் பார்த்தார்கள்!

வாங்குபவர் தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது. மல்டிபிளெக்ஸ் தியேட்டரில் பல வருஷம் உச்ச விலை 120 ரூபாய். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றால் 480. போக வர ஆட்டோ, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் எல்லாம் சேர்த்தால் 700 ரூபாய்க்குக் குறையாது. முன் வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் உண்டு என்று அரசு விதி இருந்தது வாஸ்தவம். குடும்பத்தோடு போகிறவர் அதில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார முடியுமா?

இன்னொரு பக்கம் சீன பிளேயர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கியது. 2006-ல் இருந்து அரசே வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. டி.வி. இருக்கிறது, பிளேயர் இருக்கிறது, படம்தான் பாக்கி. அதற்கு 30 ரூபாய்.

குண்டர் சட்டம்

சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் படையெடுத்தார்கள். போலீசில் வீடியோ திருட்டைத் தடுக்கத் தனிப் பிரிவு வேலை செய்தது. 2004-ல் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. சாராயம் காய்ச்சுகிறவர்கள், கஞ்சா விற்பவர்கள், நில அபகரிப்புக்காரர்களுக்காக 1982-ல் வந்த சட்டத்தில் திருட்டு வீடியோ ஆசாமிகளையும் சேர்த்தது. ஒரு வருஷம் வரை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைக்கலாம்.

சட்டம் வந்த புதிதில் கடைகள் காலியாகும். இரண்டு வாரம் கழித்துப் பழையபடி கூவல் கேட்கும்.

காரணம் சிக்கலானது அல்ல. பெரும்பாலும் சிக்கியது பிளாட்பாரத்தில் விற்றவர்கள்தான். அவர்கள் உள்ளே போனால் அதே இடத்தில் நிற்க இன்னொரு ஆள் தயார். தியேட்டருக்குள் கேமராவோடு போனவரும், வெளிநாட்டில் இருந்து நல்ல காப்பியை அனுப்பியவரும் ராஜாஜி சாலைப் பக்கமே வருவது இல்லை. 15 ரூபாய் முதலீட்டில் இன்னொரு 15 சம்பாதிக்கக் கூடிய தொழிலை லத்தி வைத்து நிறுத்த முடியாது. சாராயத்தை நிறுத்த முடிந்ததா என்ன?

28 ரூபாய் சவால்

இந்த இடத்தில் ஒரு கம்பெனி துணிச்சலாக ஒரு காரியம் செய்தது. பெயர் மோசர் பேயர். வெற்று சி.டி. தயாரிப்பதில் உலக அளவில் பெயர் வாங்கிய இந்தியக் கம்பெனி. திருட்டு வியாபாரிகளும் வெற்று சி.டி.யில்தான் பதிந்தார்கள் என்பது வேடிக்கை.

2007 வாக்கில் அந்தக் கம்பெனி படங்களின் உரிமையை முறைப்படி விலைக்கு வாங்கி, வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று கடைக்குக் கொண்டு வந்தது. அதுவரை அசல் வி.சி.டி. வாங்குவது என்றால் நூறு ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். திருட்டு விலைக்கும் கீழே அசல் வந்தது அப்போதுதான்.

மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அது தொங்கியது. ஜனங்கள் வாங்கினார்கள். 28 ரூபாய்க்குத் தெளிவான படம், அழகான அட்டை, மனசுக்கும் நிம்மதி. விலை நியாயமாக இருந்தால் காசு கொடுக்க ஜனங்கள் தயார் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் அதில் கிடைத்தது பழைய படம். போன தீபாவளிப் படம், போன பொங்கல் படம். இந்த வெள்ளிக்கிழமைப் படம் அதில் வராது. வர விட்டால் தியேட்டர் என்ன ஆவது? ஆகவே புதுப்படம் வேண்டுமென்றால் பர்மா பஜார், பழைய படம் வேண்டுமென்றால் மோசர் பேயர் என்று சந்தை இரண்டாகப் பிரிந்து நின்றது.

சி.டி. என்ற சாதனத்துக்கே காலம் முடிந்தபோது அந்தக் கம்பெனியும் கடனில் மூழ்கியது. சூரிய மின்சாரத் தொழிலில் போட்ட பணமும் கை கொடுக்கவில்லை. 2018-ல் கம்பெனியைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

தக்காளி மாதிரிதான் சினிமாவும்

பர்மா பஜார் விற்றது எதை? ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் தகட்டை அல்ல. முதல் நாள் என்ற அவசரத்தை விற்றது.

கோயம்பேட்டில் விடியற்காலை தக்காளிக்கு ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, சாயங்காலம் கூடையோடு அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். மாலைப் பத்திரிகையும் அப்படித்தான். சாயங்காலம் ரெயிலில் கை மாறும்போது அதற்கு முழு விலை. மறுநாள் காலையில் அதே தாள் போண்டா மடிக்கப் போகும். புதுப்படத்துக்கு உயிர் மூன்று நாள். திங்கட்கிழமைக்குள் கல்லா நிரம்பவில்லை என்றால் பெட்டி திரும்பிவிடும்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. பிலிம் பிரிண்ட் ஒன்று போட அரை லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு. ஆகவே கொஞ்சம் பிரிண்ட்தான் போடுவார்கள். முதலில் சென்னை, கோவை, மதுரை மாதிரி ஏ சென்டர். அங்கே ஓடித் தேய்ந்த பிரிண்ட் பி சென்டருக்குப் போகும். கடைசியில் கோடுகோடாகக் கிழிந்து டூரிங் டாக்கீசுக்கு வரும். கிராமத்து ரசிகர் தன் அபிமான நடிகரின் படத்தைப் பார்க்க மாசக்கணக்கில் காத்திருந்தார்.

அந்த இடைவெளிதான் திருடனுக்கு வாசல். சென்னையில் ஓடும் படம் தன் ஊருக்கு வர மூன்று மாசம் ஆகும், சி.டி. நாளைக்கே பஸ்சில் வந்துவிடும் என்றால் ரசிகர் எதை எடுப்பார்? படத்தை அவருக்கு விற்க அசல் ஆள் அங்கே வரவே இல்லை. நகல் ஆள் வந்தார்.

2005-க்குப் பிறகு டிஜிட்டல் முறை பரவியது. பிரிண்ட் செலவு ஒழிந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் படத்தை இறக்கினார்கள். திருட்டு சி.டி. பரவுவதற்குள் காசைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதும் இதில் ஒரு கணக்கு. 100 நாள், வெள்ளி விழா போஸ்டர்கள் மறைந்து, "வெற்றிகரமான 2-வது வாரம்" என்பதே பெரிய விஷயமானதில் சி.டி.க்கும் பங்கு உண்டு.

வீட்டுக்கு வருகிறேன் என்றவர்கள்

ஜனங்கள் வீட்டிலேயே பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றால் முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்து அந்தக் காசைத் தயாரிப்பாளர் எடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

2012-ல் கமல்ஹாசன் "விஸ்வரூபம்" படத்தை டி.டி.எச். மூலம் தியேட்டருக்கு முந்தியே வீட்டுக்குத் தருவதாக அறிவித்தார். கட்டணம் 1,000 ரூபாய். தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்து எழுந்தார்கள். டி.டி.எச். திட்டம் தள்ளிவைக்கப்பட்டு, படம் தியேட்டருக்கே வந்தது.

2015-ல் இயக்குனர் சேரன் "ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை" படத்தை நேரடியாக டி.வி.டி.யில் 50 ரூபாய்க்குக் கொண்டு வந்தார். "சினிமா டு ஹோம்" என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். திட்டம் நீடிக்கவில்லை.

2020 மே மாதம் கொரோனாவால் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது "பொன்மகள் வந்தாள்" படம் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று அதற்கு முன்பே தியேட்டர்காரர்கள் அறிவித்தார்கள்.

தியேட்டர்காரர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்களும் வங்கிக் கடன் வாங்கி ஏ.சி. போட்டவர்கள். ஆனால் எல்லாப் பழியையும் சி.டி. மீது போடுவதும் சரி இல்லை. அண்ணா சாலையில் சபையர், ஆனந்த், வெலிங்டன் எல்லாம் இன்று இல்லை. டிக்கெட் விற்று வருவதைவிட அந்த மனையின் விலை பல மடங்கு என்பதை மறந்துவிட்டு, பர்மா பஜார்தான் மூடிவிட்டது என்றால் எப்படி?

திருடனிடமே திருட்டு!

சி.டி. வியாபாரத்துக்குச் சாவு மணி அடித்தது 2016 செப்டம்பரில்.

அதற்கு முன்பே இணையத்தில் திருட்டுப் படம் வந்துகொண்டுதான் இருந்தது. "தமிழ் ராக்கர்ஸ்" என்ற பெயர் 2011-ல் இருந்தே அடிபட்டது. ஆனால் ஒரு ஜி.பி. டேட்டா 200, 250 ரூபாய் விற்ற காலம் அது. ஒரு படத்தை இறக்க ஏறக்குறைய ஒரு ஜி.பி. வேண்டும். 250 ரூபாய் செலவழித்து இறக்குவதா, 30 ரூபாய் கொடுத்து சி.டி. வாங்குவதா? ஆகவே கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கினார்கள். மற்றவர்கள் பஜாருக்கு வந்தார்கள்.

ஜியோ வந்து ஆறு மாதம் டேட்டாவை இலவசமாகவே அள்ளி விட்டது. அதன் பிறகு ஜி.பி. பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. 30 ரூபாய் சி.டி. திடீரென்று விலை கூடிய பொருளாகிவிட்டது. சினிமாக்காரர் சொத்தைத் திருடிப் பிழைத்தவர்களின் பிழைப்பை இணையத் திருடர்கள் திருடிக்கொண்டார்கள். புகார் கொடுக்கவும் வழி இல்லை!

கோர்ட்டு வழியாகத் தடுக்கப் பார்த்தார்கள். 2012-ல் "3", "தம்மு" ஆகிய படங்களுக்காகச் சென்னை ஐகோர்ட்டில் உத்தரவு வாங்கினார்கள். இணைய சேவைக் கம்பெனிகள் பயந்துபோய் திருட்டுக்குச் சம்பந்தம் இல்லாத தளங்களையும் மொத்தமாக மூடின. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் மூடினால் போதும் என்று ஐகோர்ட்டு அதே வருஷம் ஜூன் மாதம் தெளிவுபடுத்தியது.

2018 நவம்பரில் ரஜினிகாந்தின் "2.0" வெளியாகும் முன்னால் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை முடக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் ராக்கர்ஸ் சம்பந்தப்பட்டவை. படமும் வெளியானது, திருட்டுப் படமும் வெளியானது. ஒரு பெயரை மூடினால் கடைசி எழுத்தை மாற்றி இன்னொரு பெயரில் திறக்க ஐந்து நிமிஷம் போதும். பிளாட்பாரத்துக் கடையையாவது லாரியில் ஏற்றலாம். இதை எதில் ஏற்றுவது?

சும்மா தருபவனுக்கு என்ன லாபம்?

இலவசமாகப் படம் தருபவருக்குப் புண்ணியம் தேட ஆசையா என்ன? அங்கேயும் கல்லா இருக்கிறது. படத்தைத் தட்டினால் முதலில் நாலு விளம்பரம் குதிக்கும். சூதாட்ட விளம்பரம், "ஒரே நாளில் லட்சாதிபதி" விளம்பரம். அதற்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள். தெலுங்குப் படங்களை இப்படி வெளியிட்ட ஒரு தளத்தை நடத்திய ஆசாமியை 2025 நவம்பரில் ஐதராபாத் போலீசார் கைது செய்தபோதும் சூதாட்ட செயலிகளின் விளம்பரப் பணம்தான் பேசப்பட்டது.

பார்ப்பவர் 30 ரூபாய் கொடுத்த காலத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்றாவது அவருக்குத் தெரியும். இப்போது செல்போனில் எந்தப் பட்டனைத் தட்டினோம், எது உள்ளே புகுந்தது என்று தெரியாமலே படம் பார்க்கிறார்.

முறையான வழியில் வீட்டுக்கே படம் தரும் ஓ.டி.டி. கம்பெனிகளும் விலையில் இறங்கி வந்தார்கள். நெட்பிளிக்ஸ் 2021 டிசம்பரில் செல்போன் கட்டணத்தை மாதம் 199-ல் இருந்து 149 ஆக்கியது. ஐந்து திருட்டு சி.டி. விலைதான். தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் பல படங்கள் அங்கே வந்துவிடுகின்றன. ஆனால் ஒரு படம் ஒரு கம்பெனியில், இன்னொரு படம் இன்னொரு கம்பெனியில். எல்லாவற்றுக்கும் சந்தா கட்டினால் கேபிள் காசைப் போல மூன்று பங்கு ஆகும். மாசக் கடைசியில் சம்பளக்காரர் கை மறுபடியும் டெலிகிராம் பக்கம் போகிறது.

உண்மை நஷ்டம் யாருக்கு?

சினிமாக்காரர்கள் நஷ்டக் கணக்குச் சொல்லும்போது ஒரு தந்திரம் செய்வது உண்டு. எத்தனை திருட்டு காப்பி போனதோ அத்தனை டிக்கெட் போச்சு என்று பெருக்கிக் காட்டுவார்கள். அது சரியான கணக்கு அல்ல. 30 ரூபாய் சி.டி. வாங்கியவர் எல்லாரும், அது இல்லாவிட்டால் 700 ரூபாய் செலவழித்துத் தியேட்டருக்குப் போயிருப்பார்களா? பாதிப் பேர் சன் டி.வி.யில் போடும் வரை காத்திருந்திருப்பார்கள்.

அமெரிக்காவின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் 2011-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தியா உள்பட பல நாட்டுத் திருட்டுச் சந்தைகளை ஆராய்ந்தார்கள். அசல் விலை அதிகம், ஜனங்கள் வருமானம் குறைவு, காப்பி எடுக்கும் கருவி மலிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் திருட்டு வரும் என்று சொன்னார்கள். பிளாட்பாரத்தில் விற்ற பையனைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான்!

அதற்காக நஷ்டமே இல்லை என்றும் அர்த்தம் இல்லை. அது விழும் இடம்தான் வேறு.

பெரிய நடிகர் படத்துக்கு ரசிகர்கள் எப்படியும் வருவார்கள். முதல் நாள் விசில் அடிக்க சி.டி.யில் முடியாது. ஆகவே அந்தப் படம் தப்பித்துவிடும். அடிபடுவது சின்னப் படம். அதற்கு போஸ்டர் இல்லை, கட்-அவுட் இல்லை. முதல் வாரம் தியேட்டர் காலியாகத்தான் கிடக்கும். பார்த்த பத்துப் பேர், "படம் நல்லா இருக்குப்பா" என்று சொல்லி, இரண்டாவது வாரம் கூட்டம் சேர வேண்டும். அந்த நல்ல பேச்சு ஊரில் பரவும்போது படம் தியேட்டரில் இல்லை. செல்போனில் இருக்கிறது. "நல்ல படம், அனுப்பி விடு" என்கிறார்கள். பாராட்டு தயாரிப்பாளருக்கு, படம் ஊருக்கு, வட்டி பைனான்சியருக்கு.

இப்படிப்பட்ட படத்தை எடுப்பவர் பெரும்பாலும் ஊரில் நிலத்தை விற்றோ வீட்டை அடமானம் வைத்தோ வந்தவர். லைட்மேனும் மேக்கப்மேனும் அன்றன்றைக்குச் சம்பளம் வாங்கிவிடுவார்கள், அவர்களுக்கு இந்தப் படத்தில் நஷ்டம் இல்லை. அடுத்த படம் இல்லாமல் போவதில்தான் அவர்கள் வயிறு அடிபடுகிறது. ஓ.டி.டி. இருக்கிறதே என்று நம்பி எடுத்த சின்னப் படங்களுக்கு 2023, 2024-ல் அந்தக் கதவும் பாதி சாத்திக்கொண்டது. பெரிய நடிகர் இருந்தால் மட்டுமே வாங்குகிறார்கள்.

5 ஆயிரம் ரூபாய் ஆசாமி

இப்போது ஒவ்வொரு காட்சியிலும் கண்ணுக்குத் தெரியாத குறியீடு ஒன்று படத்தோடு சேர்ந்து ஓடுகிறது. திருட்டுக் காப்பியைப் போட்டுப் பார்த்தால் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம்.

2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு தியேட்டரில் "ராயன்" படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த மதுரை ஆசாமி ஒருவரைக் கேரள சைபர் போலீசார் கையும் களவுமாகப் பிடித்தார்கள். ஒரு படத்துக்கு அவருக்குக் கிடைத்த கூலி 5 ஆயிரம் ரூபாய் என்று போலீஸ் தரப்பில் கூறப்பட்டது.

2023-ல் சினிமாட்டோகிராப் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வதற்குத் தனியாகத் தண்டனை வைத்திருக்கிறார்கள். 3 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். அபராதம் குறைந்தது 3 லட்சம். அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 10 கோடி ரூபாயில் எடுத்த படம் என்றால் 50 லட்சம்.

படத்துக்கு 5 ஆயிரம் கூலி வாங்குபவர் அந்த 50 லட்சத்தைக் கட்ட வேண்டுமானால் இன்னும் 1,000 படம் திருட வேண்டும். அவருக்கு 5 ஆயிரம் கொடுத்து அனுப்பியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போலீசார் தேடத்தான் வேண்டும்.